சண்டை நடந்த வயல்

பாகூர் ஏரி வாய்க்கால் ஓரம் ஜெயசுதா நிற்கிறாள். கையில் வாய்க்கட்டுப் போட்ட சின்னப் பானை. உள்ளே கணவனின் சாம்பல். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிய இடம் இதுதான் என்று ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிவந்து காட்டியவன், தன்னையும் இங்கேயே தூவச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எதிரே நேற்று நட்ட நாற்று இன்னும் வேர் பிடிக்காமல் சாய்ந்திருக்கிறது. காலை வெயில் தண்ணீரில் அசையாமல் கிடக்கிறது. "நட்ட வயல்ல சாவுச் சாம்பல் போடக் கூடாதும்மா. வாய்க்கால்ல வுட்டுடு," என்கிறார் வயல்காரர் தங்கவேல். அவள் பானையின் கட்டை அவிழ்க்கிறாள். "அவுரு எங்க நின்னு பேசுவாருண்ணா?" "அதோ, மோட்டார் கொட்டாயாண்ட. மழையில கூட வருவாரு." அவள் பார்க்கிறாள். கொட்டகைமேல் ஒரு லுங்கி காய்கிறது. குனிந்து வாய்க்காலில் பானையைக் கவிழ்க்கிறாள். சாம்பல் கலங்கி மெல்ல நகர்கிறது. அவள் கை கழுவுகிறாள். விரலிடுக்கில் ஒட்டியதை மறுபடி கழுவுகிறாள். வாய்க்காலில் கொஞ்சம் கீழே தங்கவேல் மண்வெட்டியால் தன் வயல் மடையை வெட்டிவிடுகிறார். சாம்பல் தண்ணீர் நாற்றுக்குள் திரும்புகிறது. அவர் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.