இடது பக்கம் சாய்ந்த தையல்

"விக்க வரலைங்க, காட்ட வந்தேன்" என்று சொல்லி, ஒரேத்தா ஒரு பழைய தோல் பையை என் டிக்கெட் மேசையில் வைத்தாள்.

ஃபுளோரன்ஸ் சந்தையில் மாட்டுக்குடல் வைத்த ரொட்டி விற்கும் வண்டிக்காரி. ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கொர்சிவால்தி கம்பெனியின் மியூசியத்துக்கு வருகிற கோலமா இது என்று எனக்கே எரிச்சல்.

மியூசியத் தலைவர் ஃபுல்வியோ இறங்கி வந்தார். எங்கள் ஊரில் டிகிரி வாங்கியவர் எல்லோருமே டாக்டர்தான். இவர் அதைக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறவர்.

"என்னம்மா, பரண்ல கிடந்துதா? வாரத்துக்கு ஒருத்தர் இப்படித் தூக்கிட்டு வந்துடறாங்க."

"எங்கம்மா தைச்சது டாக்டர். நெல்லான்னு பேரு. ஆரம்பத்துல உங்க கம்பெனிப் பையெல்லாம் எங்க வீட்டு அடுக்களையில அவங்க தைச்சுக் குடுத்ததுதான்."

டாக்டர் சிரித்தார். பார்வையாளர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"முதல் பதினோரு பையும் எங்க நிறுவனர் அன்செல்மோ தனியா உட்கார்ந்து தன் கையால தைச்சது. உலகத்துக்கே தெரியும். உங்க வண்டிக்கு மட்டும் சேதி வரலையாக்கும்?"

பூதக்கண்ணாடியை எடுத்துப் பையைப் பார்த்தார்.

"இதோ, தையல் இடது பக்கம் சாயுது. இடதுகைக்காரங்க தைச்சா இப்படித்தான் சாயும். எங்க நிறுவனர் வலதுகைக்காரர். அந்தப் படத்தைப் பாருங்க."

சுவர் முழுக்க அன்செல்மோ. கோட்டும் மீசையுமாக, வலது கையில் குத்தூசியோடு நின்றார்.

"சரிதான்" என்றாள் ஒரேத்தா. "எங்கம்மா இடதுகைக்காரங்க. இப்போ அதே கண்ணாடியால உங்க பதினோரு பையையும் பாருங்களேன்."

அவற்றை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு வேடிக்கைக்குத்தான் போனார். முதல் பையைப் பார்த்ததும் சிரிப்பு குறைந்தது. நாலாவதில் நின்றேவிட்டது. பதினோராவது பையைப் பார்த்து முடிக்கும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவளை என் மேசைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"என்ன எதிர்பார்க்கறீங்க? பணமா?"

"அதுக்குத்தான் வண்டி இருக்கே. அந்தப் பைங்களுக்குப் பக்கத்துல விவரம் எழுதி வச்சிருக்கீங்களே, அந்த அட்டையில எங்கம்மா பேரைப் போடுங்க. ஒரு வரி போதும்."

"அடுத்த செவ்வாய் வாங்க. அட்டையைத் திருத்தி வைக்கிறேன். இது என் வாக்கு."

கதவையும் அவரே திறந்துவிட்டார். படித்தவர் ஒருவர் தப்பை ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நல்ல உடுப்பில் வந்தாள். எனக்குச் சூடாக ஒரு ரொட்டிப் பொட்டலம் வேறு.

அட்டையைத் திருத்தித்தான் இருந்தார்கள்.

'நிறுவனர் அன்செல்மோ பிறவியிலேயே இடதுகைக்காரர். இடது பக்கம் சாயும் தையலே அவரது தனி முத்திரை.'

சுவர்ப் படத்திலும் குத்தூசி இடது கைக்கு மாறியிருந்தது. அதன் கீழே நின்று டாக்டர், மிலானிலிருந்து வந்த மேலதிகாரிகளுக்கு நிறுவனரின் இடது கைப் பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கூசியது. அந்த ரொட்டியை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இன்றைக்கு மியூசியம் இரண்டு படப்போகிறது என்று காத்திருந்தேன்.

ஒரேத்தா கத்தவில்லை. படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"டாக்டர், படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டீங்களே, கோட்டைக் கவனிச்சீங்களா? ஆம்பளைக் கோட்டுக்குப் பட்டன் வலது பக்கம் இருக்கும். இப்போ இடது பக்கம் போயிடுச்சு. பொம்பளைங்க கோட்டு மாதிரி."

மேலதிகாரிகள் அண்ணாந்து பார்த்தார்கள். உலகத்துக்கே உடுத்தச் சொல்லித் தருகிற கம்பெனி. அதில் ஒருவர் கண்ணிலும் இது பட்டிருக்கவில்லை.

"மாத்திடறேன்" என்று முணுமுணுத்தார் டாக்டர்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள் ஒரேத்தா. "தைச்சது ஒரு பொம்பளைன்னு அந்தக் கோட்டாவது ஒத்துக்குதே."