கிழிக்காத தாள்கள்

கடைசி லோடு காலண்டரும் லாரி ஏறியதும் ரத்தினவேல் தன் அச்சகத்தைப் பத்து நாளைக்குப் பூட்டிவிட்டார். மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கி எழுந்தவர், வீட்டுக் காலண்டர் ஆடிப்பெருக்கிலேயே நிற்பதைப் பார்த்தார். தினமும் தாள் கிழிப்பது அவர் வேலை. சீசன் மும்முரத்தில் மறந்தே போயிருந்தார். இப்போது கிழிக்கப் போனால், தாளுக்குத் தாள் பென்சிலில் ஓர் எண். நான்கு. இரண்டு. பூஜ்யம்.

“இது என்ன கணக்கு, கனி?”

“நீங்க அன்னன்னிக்கு எங்கிட்ட பேசுன வார்த்தை,” என்றாள் மனைவி.

அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. விறுவிறுவென்று புரட்டினார். ஐப்பசியில் ஒரே ஒரு தாளில் பதினொன்று.

“அப்படி என்ன சொன்னேன் அன்னிக்கு?”

அவள் இன்றைய தாளைத் தேடிப் பிடித்துப் பென்சிலை எடுத்தாள்.

“எட்டாச்சு,” என்றவள், எழுதாமல் காத்திருந்தாள்.