ராக்கெட்டைப் பத்தி மூச்சு விடாதீங்க!

"கண்ணுங்களா, ராக்கெட்டைப் பத்தி மட்டும் யாரும் எழுதிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அறிவியல் டீச்சர் காலில் விழாத குறைதான். நாற்பது பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள்.

பின்னே என்ன? இந்த வருஷம் செய்த ப்ராஜெக்ட்டில் மறக்கவே முடியாதது எது என்று, பேர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தார் பெரிய மேடம். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் வகுப்பு உண்டா இல்லையா என்று முடிவாம். டீச்சருக்கோ அந்த வகுப்புதான் உயிர்.

ராக்கெட் கதை பள்ளிக்கூடம் பூராவும் தெரியும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து விட்டார்கள். அந்தச் சனியன் வானத்துக்குப் போகாமல் நேரே வராண்டாவுக்குப் போய், பெரிய மேடத்தைக் குளிப்பாட்டிவிட்டது. மேடம் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, சொட்டச் சொட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்போ எதைத்தான் எழுதறது டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்ச் வாயாடி.

"பயறு முளைக்க வெச்சோமே, அதை எழுதுங்க."

"ஐயே, அது முளைக்கவே இல்லையே! அழுகில்ல போச்சு!"

"முளைச்ச மாதிரி எழுதுடி, என் தங்கமே!"

சாயங்காலம் டீச்சரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு சீட்டுகளைப் பிரித்தார் பெரிய மேடம்.

"பயறு... பயறு... இதுவும் பயறு. என்ன டீச்சர், ஒரே பயறு மயமா இருக்கு?"

"ஆசை ஆசையா வளர்த்தாங்க மேடம்!" டீச்சர் கூசாமல் புளுகினார். அப்பாடா, தப்பித்தோம்!

"இந்தக் கடைசிச் சீட்டை நீங்களே படிங்க."

'தண்ணீர் ராக்கெட். அடுத்த வருஷமும் கட்டாயம் விடணும்.'

டீச்சர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த வாலு வைத்த வேட்டு இது?

"மேடம், பிள்ளைங்களை ஒண்ணும் சொல்லிடாதீங்க. பயறுன்னு எழுதச் சொன்னதே நான்தான். வகுப்பு போனாலும் போகட்டும், தப்பு என்னுது."

பெரிய மேடத்தின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அன்னைக்கும் கதவைச் சாத்திட்டு இப்படித்தான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். சீட்டை எண்ணிப் பாருங்க டீச்சர், நாற்பத்தொண்ணு இருக்கும். பொய் எழுதாத அந்த ஒண்ணு, நான் போட்டது!"