மூன்றாவது புள்ளி

சிறுத்தையின் கழிவைச் சல்லடையில் கொட்டிக் குழாயடியில் பிடித்தால், முதலில் கழுவிக்கொண்டு போவது நாற்றமில்லை, நம்முடைய பசி.

சல்லடைக்காரனுக்கு அதுதான் உத்தியோகம். வனக் காவலர்கள் காட்டில் பொறுக்கி வருவதைக் கழுவி, மிஞ்சும் ரோமத்தையும் எலும்பையும் வைத்து, சிறுத்தை எதைத் தின்றது என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் அக்கா அவனுக்கென்று தனி சோப்பு வைத்திருந்தாள். அக்கா புருஷன் அதே தேசியப் பூங்காவில் ஜீப் ஓட்டுகிறவர். "மாப்ள, நீ யாருக்கும் கை குடுக்காத. தூரத்துலேர்ந்து ஒரு கும்பிடு போதும்" என்பார்.

இன்று மண் கரைந்து ஓடியதும், ரோமச் சுருளுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது.

காது வில்லை.

மானின் காதில் குத்திவிட்டால், அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று ஆபீஸ் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தண்ணீர், தூசி, அடி எதற்கும் அசராது என்று கம்பெனி உத்தரவாதம். ஜீரணத்துக்கும் அசராது என்பதை எழுத விட்டிருந்தார்கள்.

மேலே 3 என்று இருந்தது.

வாலு.

அப்படித்தான் அவன் கூப்பிடுவான். புட்டிப்பால் கொடுத்தவன் அவன். வில்லை குத்தும்போது அது கத்தாமலிருக்கத் தலையைப் பிடித்துக்கொண்டவனும் அவன்தான்.

இந்த மானுக்காகத்தான் ஒரு காலத்தில் பூங்காவையே அறிவித்தார்கள். உள்ளே இருந்த குடும்பங்களை, மானுக்கு இடைஞ்சல் என்று கிளப்பினார்கள். அப்புறம் மானும் கிளம்பிவிட்டது. பெயர்ப்பலகை, தொப்பி, ஆண்கள் கழிப்பறைக் கதவு என்று எங்கும் மான் இருந்தது, காட்டைத் தவிர. பொன்விழா நெருங்கியதும் பதறிப்போய் வெளியிலிருந்து மூன்று குட்டிகளை வாங்கி, வளர்த்து, ரிப்பன் வெட்டிக் காட்டில் விட்டார்கள்.

அதன்பின் யாரும் அவற்றை நேரில் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? ஆபீஸ் அரங்கத்துத் திரையில் மூன்று புள்ளிகள் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் சல்லடைக்காரன் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.

ஒன்றாவது மான் ஒழுக்கசீலன். பகலெல்லாம் குளத்தைச் சுற்றும். மத்தியானம் ஒரே மரத்தடியில் படுக்கும். ஞாயிற்றுக்கிழமை அசையாது. விடுமுறைக் கூட்டத்துக்கு அஞ்சி ஒடுங்குகிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகூட வந்தது. இரண்டாவது மான் இரவில் மட்டும் நடக்கும்.

வாலுதான் கண்ட இடத்தில் மேய்ந்து, நினைத்த நேரத்தில் ஓடியது. "மத்த ரெண்டையும் பாத்துக் கத்துக்கோடி" என்று அவன் திரையைப் பார்த்துத் திட்டியிருக்கிறான்.

இரண்டு நாளாக வாலு ஓடையைத் தாண்டியது, பாறை ஏறியது, எந்த மானும் போகாத மேட்டில் போய் நின்றது. சாப்பிடும்போது அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டான். மாமா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அந்த மேட்டில் ஏறிய கால்கள் வாலுவுடையவை அல்ல என்று இப்போது விளங்கியது.

பக்கத்து அரங்கத்தில் கைதட்டல். பொன்விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களிடம் பூங்கா டைரக்டர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். "மூணாவது மான் நம்ம ஆபீசுக்கே வந்து நிக்குது பாருங்க! மனுசன்மேல அவ்வளவு நம்பிக்கை!"

பின்கதவு வழியாக ரேஞ்சர் ஓடிவந்தார். சல்லடையைப் பார்த்து முகம் சுளித்தார். நாற்றத்துக்கு மட்டும்.

"வில்லையக் கழுவிப் பையில போட்டுக்கிட்டு குளத்துப் பக்கம் நட. மெதுவா. மான் மாதிரி."

"சார், அது செத்துப்போச்சு."

"அதனாலதான உன்னை நடக்கச் சொல்றேன்!"

அவன் வில்லையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். குளத்துப் பக்கம் நடந்தான். இன்னும் இரண்டு இருக்கிறதே என்ற ஒரே நினைப்பில்தான் கால் நகர்ந்தது. மத்தியான நேரம். ஒன்றாவது மான் அதன் மரத்தடியில்தான் இருக்கும். தூரத்திலிருந்தாவது உயிரோடு ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மரத்தடியில், ஜீப் துடைக்கும் துணியை விரித்து, மாமா படுத்திருந்தார்.

சட்டைப் பையில் மஞ்சளாக ஒரு வில்லை.

அரங்கத்தில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒன்றும் மூன்றும் ஜோடி சேர்ந்துவிட்டதாம்.

"ரெண்டாவது?" என்று கேட்டான்.

"நைட் வாட்ச்மேன்கிட்ட. விட்ட மாசமே ரெண்டும் போயிடுச்சு மாப்ள. உன்னோடது ஒண்ணுதான் நெஜமாவே திரிஞ்சுது. உங்கிட்ட எந்த வாயால சொல்ல?" மாமா எழுந்து உட்கார்ந்து துணியில் பாதியை அவனுக்கு விட்டார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ஞாயித்துக்கெழமை லீவுன்னு இப்பவே பேசிடு. பின்னாடி தரமாட்டானுங்க."

அவன் உட்காரவில்லை. வந்த வழியே திரும்பினான். மெதுவாக அல்ல.

"திரும்பி வருது! யாரும் சத்தம் போடாதீங்க!" என்று ஒலிபெருக்கியே சத்தம் போட்டது. அரங்கத்து ஜன்னல் முழுக்க முகங்கள், செல்போன்கள். ரேஞ்சர் மட்டும் தோட்டத்தில் புகுந்த மாட்டை விரட்டுவதுபோலக் கையை வீசிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற தலைமை விருந்தினர், காட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அவனை விலக்கக் கையை நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் ஒதுங்குங்க. மான் வருது."

சல்லடைக்காரன் பையிலிருந்து கையை எடுத்தான். நீட்டிய கையைப் பிடித்து, வில்லையோடு சேர்த்து அழுத்தமாகக் குலுக்கினான்.

கழுவச் சொன்னதை அவன் கழுவியிருக்கவில்லை.