பாழாய்ப்போன பதிவு

தொண்டை ஆபரேஷனுக்கு முந்தைய நாள் குமுதவல்லி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தன் குரலைச் சேமித்துவைத்தாள். அதற்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'பசிக்குது', 'ஃபேனைப் போடுங்க', 'நல்லா இருக்கியாடி?' என்று வேண்டியதையெல்லாம் பதிந்துகொண்டிருந்தபோது, கணவர் தணிகாசலம் காபியோடு வந்து, "சூடு ஆறுது, குடிச்சிட்டுப் பேசேன்" என்றார். "ஐயோ, போங்க அந்தாண்ட! எல்லாம் பாழாப்போச்சு!" என்று கத்தியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதை அழிக்க மறந்துபோனாள்.

இப்போது பட்டனைத் தட்டினால் அந்தக் குரல் அவளுக்காகப் பேசுகிறது. வீடியோ காலில் மகளுக்கும் கேட்கும்படி மருமகன் சரிசெய்து கொடுத்திருக்கிறான். தீபாவளியன்று மகள், தான் முதன்முதலாகச் சுட்ட அதிரசத்தைக் கேமராவுக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு மேஜையில் தட்டினாள். டொக்கு டொக்கு என்றது. குமுதவல்லியின் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. சத்தம் மட்டும் இல்லை. சிரிப்பையும் பதிந்துவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பக்கத்திலிருந்து தணிகாசலத்தின் விரல் நீண்டு பட்டனைத் தட்டியது. "எல்லாம் பாழாப்போச்சு!" பின்னாலேயே அவளுடைய பழைய சிரிப்பு, அறை நிறைய.

அதிரசம் பிடித்த கை அப்படியே நின்றது. "அம்மா," என்றாள் மகள்.

கட்டிய புருஷனுக்கு நன்றி சொல்லி குமுதவல்லிக்குப் பழக்கமில்லை. அந்தச் சொல்லை அவள் பதியவும் இல்லை. லேப்டாப்பை மெல்லத் திருப்பி, கேமராவில் அவரும் தெரியும்படி வைத்தாள்.