ஈரச் சாக்கு

அவர் கை வழுதலங்காய்க் குவியலின் மேல் நின்றது.

கண் குவியலில் இல்லை.

ரெத்தினபாயின் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கில் இருந்தது.

வடசேரி சந்தையில் ரெத்தினபாயிடம் இரண்டு வகைக் காய் உண்டு. வெளியே குவிந்து கிடப்பது ஊருக்கு. சாக்குக்கு அடியில் இருப்பது நாகர்கோவிலில் பன்னிரண்டே வீடுகளுக்கு. அதிகாலையில் பறித்தது. முள்ளுக்காம்பு வாடாத கத்தரி. எந்த வீட்டில் சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அவர் வீடும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

மூன்று மாதம் முன்பு வரை.

அவர் ஓய்வு பெற்று வந்த அன்று, கழுத்து மாலையைக் கழற்றுவதற்குள், மனைவி பகவதி கரண்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"முப்பத்தஞ்சு வருசம் ஆக்கிப் போட்டாச்சு. எனக்கும் இன்னைக்கு ரிட்டையர்மெண்டு."

வாங்கிக்கொண்டார். பயமா? அவருக்கா? பூகோள வாத்தியார் அவர். உலக வரைபடத்தைப் பிரம்பால் தட்டித் தட்டியே ஆப்பிரிக்காவில் ஓட்டை விழவைத்தவர். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அப்பால் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். அவர் போகாவிட்டால் என்ன, உலகம் வடசேரிக்கு வராமலா இருந்துவிடும்?

வந்தது.

மெக்சிகோ ஒரு செவ்வாய்க்கிழமை சீனிக்கிழங்கோடு வந்தது. எத்தியோப்பியா புதன்கிழமை. அதற்காகக் கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்ததில், பக்கத்து வீட்டுப் பூனை மூன்று நாள் தெருப்பக்கமே வரவில்லை. கிரேக்கம் அடிப்பிடித்தது. சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் சட்டியே பாதியாகிவிட்டது. சேதி சந்தைக்கு எட்டியதும் ரெத்தினபாயின் சாக்கு மூடிக்கொண்டது.

எல்லா நாட்டுக்கும் பகவதியிடம் ஒரே பதில்தான். தயிர்ச்சோறு. பக்கத்தில் ஊறுகாய் ஜாடி.

அந்தத் தீர்ப்பும் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே வந்துவிடும். சந்தைப் பைக்குள் கையை விட்டு ஒரு காயை எடுப்பாள். காம்பைப் பார்ப்பாள்.

"குவியல்ல உள்ளதா?"

அவ்வளவுதான். மேல் அலமாரியிலிருந்து ஜாடி இறங்கிவிடும்.

இன்று அவர் வெறுங்கையோடு வரவில்லை.

குவியலின் மேல் நின்ற கையைப் பின்னால் இழுத்தார். பைக்குள்ளிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து, சாக்கின் மேலேயே வைத்தார்.

"என்ன சாரே இது?"

"ஜார்ஜியா."

ரெத்தினபாய் மூடியைத் திறந்தாள்.

"எங்க வழுதலங்காய நாடு கடத்திட்டியளா?"

அவர் டப்பாவை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். டப்பா சொல்லட்டும்.

ஆறு சுருள். நீளவாக்கில் சீவி, தேங்காய் எண்ணெயில் பொரித்துச் சுருட்டியது. உள்ளே வைக்க ஜார்ஜியாக்காரர்களுக்கு அக்ரூட் கிடைக்கிறது. அவருக்கு முந்திரிப்பருப்பு கிடைத்தது. பூண்டும் கொத்தமல்லியும் சேர்த்து அம்மியில் அரைத்து, எலுமிச்சை பிழிந்து, மேலே நாலு மாதுளை முத்து. அந்த நாட்டுப் பழைய ராஜாக்கள் இதைப் பார்த்திருந்தால் அரண்மனையைப் பூட்டிவிட்டு வடசேரியில் வாடகைக்கு வீடு தேடியிருப்பார்கள்.

இத்தனைக்கும் அது குவியலில் கிடந்த காய்.

ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டாள்.

தாடை இரண்டு முறை அசைந்தது.

நின்றது.

ஆயிரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவர் மார்க்குக்குக் காத்து நின்றார்.

யாரோ ஒரு அம்மாள் வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்டாள். ரெத்தினபாய் காதில் விழவில்லை. இன்னொருத்தி முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தாள். அதைக்கூட ரெத்தினபாய் ஒன்றும் சொல்லவில்லை. வடசேரி வரலாற்றிலேயே அப்படி நடந்ததில்லை.

இரண்டாவதை எடுத்தாள்.

"பூண்டு கூடிப்போச்சு," என்றாள்.

மூன்றாவதை எடுத்தாள்.

ஆறும் தீர்ந்தது. விரலில் ஒட்டிய மாதுளை முத்தையும் விடவில்லை. சாக்கில் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் டப்பாவை அலசி, முந்தானையால் துடைத்து, அவரிடம் நீட்டினாள்.

அவர் பழக்கதோஷத்தில் மறுபடியும் குவியலுக்குக் கையை நீட்டினார்.

கையில் ஒரு அடி விழுந்தது.

"அங்க என்னத்தத் தேடுதிய?"

ரெத்தினபாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வெண்டைக்காய் விலையைக் கூவ ஆரம்பித்தாள். இடது கை மட்டும் தனியாக வந்து சாக்கின் ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்தது.

வீடு வரைக்கும் அவர் நடந்துதான் வந்தார். கால் தரையில் பட்டதற்குச் சாட்சி இல்லை.

சமையலறையில் ஜாடி ஏற்கெனவே மேசைக்கு இறங்கியிருந்தது. அவர் பையை அதன் பக்கத்தில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் வாழ்நாளிலேயே மிகவும் சிரமப்பட்ட காரியம் அதுதான்.

பகவதி பைக்குள் கையை விட்டாள். ஒரு காயை எடுத்தாள்.

காம்பைப் பார்த்தாள்.

விரலால் தடவினாள். முள் குத்தியது.

அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

காயைப் பதமாக மேசையில் வைத்தாள். ஊறுகாய் ஜாடியின் மூடியை இறுக்கி மூடினாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேல் அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள்.