நாலாவது புகைபோக்கி

சுவரில் சுத்தியல் விழுந்த ஒவ்வொரு தடவையும் தாமசின் சீமாட்டி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். உட்கார முடியவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்று போரிட்ட அவள் கணவனைத் தேடி, பாராளுமன்றப் படை காலையிலிருந்து வீட்டைக் குடைந்துகொண்டிருந்தது.

"வெளியில நின்னு எண்ணினேன். கூரை மேல புகைபோக்கி நாலு. உள்ள தீ மூட்டுற கணப்பு மூணுதான். நாலாவதுக்கு அடியில என்ன இருக்கு?" என்று உறுமினார் கேப்டன் தொரோல்டு.

பதில் சொல்லவேண்டியவன் சார்ஜென்ட் ஆம்புரோஸ். போருக்கு முன் கொத்தன். இந்தச் செங்கல் மாளிகையைக் கட்டியதே அவனும் அவன் தம்பி ஜைல்ஸும்தான்.

கணப்பை ஒட்டிய மரப்பலகைச் சுவரில் தட்டினான். இடுப்பு உயரத்தில், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் மாறியது. கொத்தன் காதுக்கு மட்டும் பிடிபடும் வித்தியாசம். சீமாட்டி நடப்பதை நிறுத்தினாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"என்னய்யா முழிக்கிறே?" என்று அதட்டினார் கேப்டன்.

"அது சும்மா அழகுக்குங்கய்யா. இடப்பக்கம் ரெண்டுன்னா வலப்பக்கமும் ரெண்டு வேணும்னு வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நின்னாரு. இங்க ஒரு செங்கல்லை உருவினாலும் மொத்தமும் நம்ம தலையிலதான்."

கேப்டன் அண்ணாந்து பார்த்து, அவசரமாக இரண்டடி நகர்ந்தார். "உன் தம்பி பொணம்கூடக் கிடைக்காமப் பண்ணினவனுங்க இவனுங்க. மறந்துடாதே."

"மறக்கலைங்கய்யா."

படை குதிரை லாயத்தைச் சோதிக்கப் போனது. உளியை விட்டுவிட்டதாகச் சொல்லி ஆம்புரோஸ் மட்டும் திரும்பி வந்தான்.

"தெரிஞ்சும் ஏன் விட்டே?" சீமாட்டி கேட்டாள்.

"இன்னொரு சாவைப் பாக்கத் தெம்பு இல்லம்மா. நாங்க கிளம்பினதும் உங்க வீட்டுக்காரரைத் தப்பிச்சுப் போகச் சொல்லுங்க."

"அவர் பிரான்ஸுக்குக் கப்பலேறி மூணு வாரமாச்சு."

"அப்போ உள்ள?"

"உங்க படைக்காரன்தான். குண்டடிபட்டுத் தோட்டத்துல கிடந்தான். ஓடிப்போனவன்னு தூக்குல போட்டுடுவாங்கன்னு அழுதான். துரத்த மனசு வரலை. இப்படியொரு பொந்து இருக்கிறதையே எனக்கு அவன்தான் காட்டினான்."

ஆம்புரோஸ் பலகையை நோக்கிப் பாய்ந்தான். அவன் தொடுவதற்குள் அது உள்ளிருந்தே விலகியது.

"அண்ணே… தட்டினப்பவே தெரிஞ்சுது, நீதான்னு!"